டெஸ்டரில் பாஸ், டிரையரில் இரண்டு டிகிரி பிசகு: லவ்டேல் கேபிள் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

லவ்டேலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கேபிள் பட்டறை இருக்கிறது. நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளின் டிரையருக்கும் இலை வாட்டும் தொட்டிகளுக்கும் போகும் வெப்பநிலை சென்சார் கேபிள்கள்தான் அங்கே முக்கியச் சரக்கு. உள்ளே மூன்று கோர் (தனித்தனியே உறையிட்ட செம்புக் கம்பிகள்), மேலே ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை), இரு முனையிலும் கனெக்டர், பெரும்பாலும் 15 மீட்டர் நீளம். செய்து முடித்த ஒவ்வொரு கேபிளும் தானியங்கி டெஸ்டரில் ஏறி, பச்சை விளக்கு எரிந்த பிறகே பெட்டிக்குள் போகும்.

அப்படிப் போன கேபிள் ஒன்று கோத்தகிரிப் பக்கத் தொழிற்சாலையிலிருந்து திரும்பி வந்தது. டிரையரில் உண்மையில் இருப்பதைவிட இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று புகார். பட்டறையில் அதை மறுபடி டெஸ்டரில் மாட்டினார்கள், பச்சை. கனெக்டரை ஆட்டிப் பார்த்தார்கள், அப்போதும் பச்சை. சென்சாரில்தான் கோளாறு என்று எழுதித் திருப்பி அனுப்ப இருந்த நேரத்தில், எதற்கும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கருவிகளைப் பழுதுபார்ப்பதும் இணைப்பதும் என் தொழில்.

இரண்டு டிகிரி என்பது டிரையரில் சின்ன விஷயமில்லை. மீட்டர் கூடுதலாகக் காட்டினால் கட்டுப்பாட்டுப் பெட்டி சூட்டைக் குறைக்கும். சூடு குறைந்தால் தூளில் ஈரம் தங்கும். டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூட்டையில் இருக்கும்போதே வாசம் போய்விடும்.

பச்சை விளக்குக்கு என்ன அர்த்தம்

இந்தக் கேபிளின் மறுமுனையில் இருப்பது பி.டி.100 சென்சார். பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.385 ஓம் கூடும். கேபிளுக்கும் மின்தடை உண்டு என்பதால் மூன்று கம்பி வைக்கிறார்கள். இரண்டு கம்பிகளின் தடை சமம் என்று வைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். சமமாக இருக்கும்வரை 15 மீட்டரானாலும் 50 மீட்டரானாலும் கவலையில்லை. சமம் கெட்டால் அந்த வித்தியாசம் அப்படியே வெப்பநிலைக் கணக்கில் ஏறிவிடும். 0.8 ஓம் வித்தியாசத்தை 0.385-ஆல் வகுத்தால் இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். சென்சாருக்கு ஐ.ஈ.சி. 60751 தரத்தில் ‘பி’ வகுப்புக்கு 100 டிகிரியில் அனுமதிக்கும் பிசகு கூட்டியோ குறைத்தோ 0.8 டிகிரிதான். காசு கொடுத்து வாங்கிய சென்சாரின் துல்லியத்தை அதைவிட மலிவான ஒரு கிரிம்ப், அதாவது கம்பியைக் கனெக்டர் பின்னோடு அழுத்திப் பிணைக்கும் இடம், தின்றுவிடுகிறது.

டெஸ்டரின் அமைப்பைத் திறந்து பார்த்தபோது இணைப்புக்கான எல்லை 5 ஓம் என்று இருந்தது. அதாவது 5 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் ‘இணைப்பு உண்டு’. டெஸ்டரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கம்பி அறுந்திருக்கிறதா, பக்கத்துக் கம்பியோடு ஒட்டியிருக்கிறதா, பின் மாறிப் போயிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது. அந்தக் கேள்விகளுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் சரியான பதில் சொல்கிறது. நான்காவது கேள்வி ஒன்று இருப்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

எல்லையை 5-லிருந்து 1 ஓமுக்கு இறக்கிவிட்டால் போதாதா என்று முதலாளி கேட்டார். இறக்கிப் பார்த்தோம். நல்ல கேபிளே பாதிக்குப் பாதி சிவப்பு காட்டியது. டெஸ்டர் இரண்டு கம்பி முறையில் அளக்கிறது. அதன் உள்ளே இருக்கும் சுவிட்சின் தடை, ஃபிக்ஸ்சருக்கு (சோதனைக்காகக் கேபிளை மாட்டும் தாங்கிக்கு) போகும் கம்பி, கனெக்டர் தொடும் இடம் எல்லாம் கேபிளின் தடையோடு சேர்ந்தே வரும். சாக்கோடு சேர்த்துப் பச்சை இலையை நிறுப்பது மாதிரி. சாக்கு எடை மாறாமல் இருந்தால் கழித்துவிடலாம். இங்கே சாக்கின் எடை ஒவ்வொரு முறையும் மாறுகிறது, அதுவும் இலையின் எடையைவிட அதிகமாக.

இன்னொன்றும் அப்போதுதான் தெளிவானது. மூன்று கம்பி அமைப்பில் ஒரு கம்பியில் தடை கூடினால் வெப்பநிலை கூடுதலாகத் தெரியும், அதன் ஜோடிக் கம்பியில் கூடினால் குறைவாகத் தெரியும், பொதுக் கம்பியில் கூடினால் பெரும்பாலான கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றுமே தெரியாது. ஆகவே புகாராகத் திரும்பி வந்த கேபிள்களை வைத்துக் கிரிம்பின் தரத்தை எடைபோட முடியாது. கெட்ட கிரிம்ப் உள்ள சில கேபிள்கள் யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு டிரையரில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்.

கருவியை எங்கே கோர்ப்பது

நான்கு கம்பி அளவீடும் உயர்மின்னழுத்தச் சோதனையும் சேர்ந்த பெரிய டெஸ்டர்கள் சந்தையில் உண்டு. இந்தப் பட்டறையின் வரவுக்கு அது கட்டுபடியாகாது. ஆனால் அலமாரியில் ஆறரை இலக்க மேசை மல்டிமீட்டர் ஒன்று, கெப்பாசிட்டன்ஸ் போன்றவற்றை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் ஒன்று, இன்சுலேஷனின் தடையை அளக்கும் 500 வோல்ட் காப்புத்தடை மீட்டர் ஒன்று சும்மா கிடந்தன. மூன்றிலும் கணினியோடு பேசும் வசதி இருந்தது. டெஸ்டர் மென்பொருளிலும் இடையில் ஸ்கிரிப்ட் எழுதி வெளிக் கருவியைக் கூப்பிட வழி இருந்தது. சரி, இவற்றையே கோர்ப்போம் என்று முடிவானது.

கோர்ப்பதற்கு இரண்டு வழி. டெஸ்டரின் சுவிட்ச் மேட்ரிக்ஸ் வழியாகவே மீட்டரைக் கேபிளுக்குக் கொண்டுபோவது ஒன்று. அதில் வயரிங் குறைவு, எந்தப் பின்னை வேண்டுமானாலும் மென்பொருளிலேயே தேர்ந்தெடுக்கலாம். ஃபிக்ஸ்சருக்கும் டெஸ்டருக்கும் நடுவே தனி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பெட்டி வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் வழி பிரிப்பது இன்னொன்று. முதல் வழியைப் பரிந்துரைக்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கணக்கான பின் உள்ள கேபிளுக்கு அதுதான் நடைமுறை. ஆனால் இது மூன்று கோரும் ஒரு ஷீல்டும் உள்ள கேபிள். அதோடு, இந்த டெஸ்டர் குறைந்த மின்னழுத்த வகை. உள்ளே இருப்பவை செமிகண்டக்டர் சுவிட்சுகள். காப்புத்தடை மீட்டரின் 500 வோல்ட்டை அதற்குள் விட்டால் அடுத்த நிமிடம் டெஸ்டர் கதை முடிந்தது. ஆகவே ரிலே பெட்டி.

நான்கு கம்பி அளவீட்டுக்காக ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு கம்பி இழுத்தோம்: ஒன்று கரண்ட் கொண்டுபோக, மற்றது வோல்ட்டேஜ் பார்க்க. இரண்டும் சேரும் இடம் ஃபிக்ஸ்சர் கனெக்டரின் வால்பகுதியில். அங்கே சேர்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கம்பி, ரிலே எல்லாம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். கனெக்டர் பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தின் தடை மட்டும் கழியாது. அது சில மில்லி ஓம். அதையும் விலக்க வேண்டுமென்றால் பின்னையே இரு பக்கமும் தனித்தனியாகத் தொடும் கெல்வின் ப்ரோப் வேண்டும். எங்கள் எல்லை 50 மில்லி ஓம் வித்தியாசம், அதாவது 0.13 டிகிரி. அதற்குள் சில மில்லி ஓம் அடங்கும் என்பதால் விட்டுவிட்டோம். ஆனால் ஃபிக்ஸ்சர் சாக்கெட் தேயத் தேய இந்தச் சில மில்லி ஓம் வளரும். எனவே சாக்கெட்டை எளிதாகக் கழற்றி மாற்றும்படி தனித் தகட்டில் வைத்தோம்.

அளந்து வந்த முதல் எண்ணே திருப்தியாக இருந்தது. திரும்பி வந்த கேபிளில் ஒரு கோர் மற்ற இரண்டையும்விட 0.8 ஓமை ஒட்டிக் கூடுதல். கிரிம்பை அறுத்துப் பார்த்தால் இன்சுலேஷன் கொஞ்சம் உள்ளே போய், பாதி இழைகள்தான் அழுந்தியிருந்தன.

பேச வைப்பது

கருவிகளைக் கணினியோடு பேச வைப்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, வழக்கமான சிக்கல்கள்தான். ஆர்.எஸ்.232 கேபிள் நேரா கிராஸா என்று முதலில் பார்க்க வேண்டும். வரியின் முடிவில் ஒரு கருவி ஒரு குறியை எதிர்பார்க்கும், இன்னொன்று இரண்டு குறிகளை எதிர்பார்க்கும். பொருந்தாவிட்டால் கட்டளை போகும், பதில் வராது, ஸ்கிரிப்ட் தொங்கும். நீ யார் என்று கேட்கும் கட்டளைக்குக் கருவி தன் பெயரையும் மாடலையும் திருப்பிச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு நாளும் முதல் கேபிளுக்கு முன்னால் ஸ்கிரிப்ட் இந்தக் கேள்வியை மூன்று கருவிகளிடமும் கேட்கிறது. யாரோ ஒருவர் மீட்டரை வேறு வேலைக்கு எடுத்துப் போய்விட்டு வேறொன்றை வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

தானியங்கி ரேஞ்சை அணைத்து 100 ஓம் ரேஞ்சில் நிலைநிறுத்தினோம். ரேஞ்ச் தானாக மாறும்போது நேரம் போகும், சில சமயம் மாறி முடிவதற்குள் எண்ணை எடுத்துவிடும் அபாயமும் உண்டு. அளவீட்டு நேரத்தை 10 மின்சுழற்சி என்று வைத்தோம். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் அது 200 மில்லி செகண்ட். கரண்ட்டின் இரைச்சல் முழுச் சுழற்சிகளில் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும்.

ஒரே ஒரு பொறியைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். 1990-இல் வந்த ஸ்கிப்பி என்ற பொதுக் கட்டளை மொழியில், அளவு ரேஞ்சைத் தாண்டினால் கருவி 9.9-ஐப் பத்தின் 37-ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணை அனுப்பும். ‘முடிவிலி’ என்று அர்த்தம். ஸ்கிரிப்டுக்கு அது வெறும் எண். கோர் தடைச் சோதனையில் மேல் எல்லை உண்டு, எனவே இந்த எண் வந்தால் ஃபெயில், சரிதான். காப்புத்தடைச் சோதனையில் கீழ் எல்லை மட்டும்தான் வைப்பார்கள்: 100 மெகா ஓமுக்கு மேல் எதுவும் பாஸ். அங்கே மீட்டரின் கம்பி கழன்று தொங்கினாலும், ரிலே அடைபடாமல் போனாலும் முடிவிலி வரும். முடிவிலி 100 மெகா ஓமைவிடப் பெரியது. ஆகவே பாஸ். கழன்று கிடக்கும் கம்பிக்கும் அருமையான இன்சுலேஷனுக்கும் மீட்டரால் வித்தியாசம் சொல்ல முடியாது.

இதற்கு ஒரே மருந்து, கருவி உண்மையில் கேபிள்வரை போய்ச் சேர்கிறது என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வைப்பது. ஃபிக்ஸ்சர் பக்கத்தில், எல்லா ரிலேக்களையும் தாண்டி, 100 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தனி ரிலேயோடு வைத்தோம். முதலில் அதை இணைத்து அளக்கும். 100-ஐ ஒட்டி வந்தால்தான் அதை விலக்கிவிட்டுக் கேபிளை அளக்கும். ஒரு கேபிளுக்குச் சில செகண்ட் கூடுதல் ஆகிறது. உற்பத்தி மேஸ்திரி முணுமுணுத்தார். நான் விடவில்லை.

காலையில் ஃபெயில், மத்தியானம் பாஸ்

இதையெல்லாம் செய்து முடித்தது டிசம்பரில். உறைபனிக் காலம். பட்டறைக்குள் காலையில் 8 டிகிரி, மத்தியானம் 22. ஃபிக்ஸ்சர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஹீட்டர். டெஸ்டரை ஓட்டும் அக்கா ஒரு நாள் சொன்னார்: “சார், காலையில ஃபெயில் ஆனத மத்தியானம் திரும்பப் போட்டா பாஸ் ஆகுது. தனியா ஒரு பெட்டியில எடுத்து வச்சிருக்கேன்.”

“எல்லாம் ஒரே மாதிரி ஃபெயிலாக்கா?”

“இல்ல சார், ரெண்டு தினுசு. சிலது நீளம் கம்மின்னு வருது. சிலது வித்தியாசம் ஜாஸ்தின்னு வருது.”

அந்த இரண்டு தினுசு என்ற சொல் இல்லாவிட்டால் நான் வெகுநேரம் ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். இரண்டுக்கும் காரணம் குளிர்தான், ஆனால் குளிர் வேலை செய்த இடம் வேறு வேறு.

முதல் தினுசைக் கணக்கே சொல்லிவிடும். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.393 சதவீதம் மாறும். 0.5 சதுர மில்லிமீட்டர் கோருக்கு ஐ.ஈ.சி. 60228 தரம் 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 39 ஓம் வரை அனுமதிக்கிறது, 15 மீட்டருக்கு 585 மில்லி ஓம். இந்தப் பட்டறையில் வரும் கேபிளில் 550 என்று வைத்துக்கொண்டு, நான்கு சதவீதம் முன்பின் அனுமதித்திருந்தோம். கீழ் எல்லை 528. நீளம் குறைவாக வெட்டிய கேபிளைப் பிடிப்பதற்கான எல்லை அது. 8 டிகிரியில் இதே நல்ல கேபிள் 4.7 சதவீதம் குறைந்து 524 காட்டும். கேபிளில் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை, செம்பு குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதன் மறுபக்கம்தான் ஆபத்து: தடை கூடிப்போன கேபிளைக் குளிர் மறைத்து, காலையில் பாஸ் போட்டுவிடும்.

தீர்வு, வெப்பமானி ஒன்றையும் கருவியாகச் சேர்த்து, எண்ணை 20 டிகிரிக்குத் திருத்துவது. வெப்பமானியை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுவரில் வைத்தால் அது காற்றின் சூட்டைச் சொல்லும். கேபிள் சுருள்களோ வெளிக் கொட்டகையில் இரவெல்லாம் கிடந்து, உள்ளே வந்து ஒரு மணி நேரமானாலும் நடுவில் குளிர்ந்தே இருக்கும். அதனால் அதே கேபிளில் ஒரு சுருளைச் செய்து, அதன் நடுவே சென்சாரைப் பொதிந்து, மற்றச் சுருள்களோடு சேர்த்தே கொட்டகையில் வைத்து, அவற்றோடு சேர்த்தே உள்ளே கொண்டுவரச் சொன்னோம். விற்பனைக்கு இல்லாத அந்தச் சுருளுக்குப் பட்டறையில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது தினுசுக்கு இந்தத் திருத்தம் உதவாது. ஒரே கேபிளின் மூன்று கோரும் ஒரே சூட்டில்தான் இருக்கும். குளிர்ந்தால் மூன்றும் சேர்ந்தே குறையும், வித்தியாசம் மாறக் கூடாது. மாறுகிறது என்றால் கேபிளுக்கு வெளியே ஏதோ நடக்கிறது.

மீட்டர் 100 ஓம் ரேஞ்சில் அனுப்பும் கரண்ட் 1 மில்லி ஆம்பியர். அந்தக் கணக்கில் ஒரு மைக்ரோவோல்ட் வந்தால் ஒரு மில்லி ஓம். வேறு எங்கிருந்தாவது 50 மைக்ரோவோல்ட் நுழைந்தால் எங்கள் எல்லை முழுவதும் காலி. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடங்கள் இரண்டு, வெவ்வேறு சூட்டில் இருந்தால் அங்கே மின்னழுத்தம் பிறக்கும். வெள்ளிக்கும் செம்புக்கும் ஒரு டிகிரிக்கு 0.3 மைக்ரோவோல்ட், கவலையில்லை. ஈய வெள்ளீயப் பற்றுக்கும் செம்புக்கும் 1 முதல் 3. ரீட் ரிலேயின் நிக்கல்-இரும்புக் கால்களுக்கும் செம்புக்கும் அது பத்துக்கணக்கில் போகும். செம்பு ஆக்சைடு பிடித்த பழைய முனையமாக இருந்தால் ஆயிரத்தை எட்டும். எங்கள் ரிலே பெட்டியில் ரீட் ரிலேக்கள், அவற்றின் மின்காந்தச் சுருள் (காயில்) இயங்கும்போது சுடும். பெட்டியின் ஒரு பக்கம் ஹீட்டர், மறுபக்கம் ஜன்னல். ஒரு டிகிரி இரண்டு டிகிரி வித்தியாசம் உண்டாக வேறு என்ன வேண்டும்?

சந்தேகத்தை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. மீட்டரின் இரண்டு ஜோடி முனைகளையும் திசைமாற்றி மாட்டினால், கேபிளின் தடை மாறாது, வெப்பத்தால் வந்த மின்னழுத்தத்தின் பங்கு மட்டும் குறி மாறும். மாற்றினோம். கூடுதலாக இருந்த கோர் குறைவாகக் காட்டியது. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

நல்ல மேசை மீட்டர்களில் இதற்கென்றே ஆஃப்செட் ஈடு என்ற வசதி இருக்கிறது. கரண்ட் விட்டு ஒரு முறை, கரண்ட் நிறுத்தி ஒரு முறை அளந்து, இரண்டாவதை முதலிலிருந்து கழித்துவிடும். கட்டளையில் ஒரு வரி. அளவீட்டு நேரம் இரட்டிப்பாகும்: கோருக்கு 400 மில்லி செகண்ட். அதோடு, காயிலில் தொடர்ந்து கரண்ட் தேவைப்படாத லாட்சிங் ரிலேக்களாக மாற்றினோம், ஹீட்டரை அறையின் அந்தப் பக்கம் தள்ளினோம். அக்காவின் தனிப் பெட்டியில் இருந்த கேபிள்களை மறுநாள் காலை, குளிரிலேயே திரும்பப் போட்டபோது பெரும்பாலானவை பாஸ். இரண்டு மூன்று ஃபெயிலாகவே நின்றன, அவற்றின் கிரிம்ப் உண்மையிலேயே மோசம். மத்தியானத்தில் மறுபடி போட்டுப் பாஸ் வாங்கி அனுப்பியிருந்தால் அவையும் சேர்ந்தே போயிருக்கும்.

இன்னொரு சங்கதி, மலையில் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. மீட்டரின் துல்லியக் கணக்கு 23 டிகிரிக்கு முன்பின் ஐந்து, அதாவது 18 முதல் 28 டிகிரி வரைதான். கோயம்புத்தூரில் அளவுத்திருத்தம் செய்து சான்றிதழோடு மேலே கொண்டுவந்தாலும், 8 டிகிரி அறையில் அந்தச் சான்றிதழின் எண்கள் அப்படியே பொருந்தாது, டிகிரிக்கு இவ்வளவு என்று கூடுதல் பிசகு சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தேவைக்கு அது பொருட்டில்லை. ஆனாலும் காலையில் மீட்டரைப் போட்டு ஒரு மணி நேரம் சூடேற விட்ட பிறகே முதல் கேபிள்.

மேகம் உள்ளே வரும் மாதங்கள்

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் காப்புத்தடை எண்கள் சரியத் தொடங்கின. லவ்டேலில் அந்த மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வந்து உட்காரும். இம்முறை யாருக்கும் குழப்பமில்லை: கேபிள் எதையும் மாட்டாமல் ஃபிக்ஸ்சரை மட்டும் அளக்கச் சொன்னேன். அதுவே 200 மெகா ஓமை ஒட்டி வந்தது. கேபிள் ஒரு கிகா ஓம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 167 மெகா ஓம்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் ஈரம் ஏறினால் எல்லையான 100-க்குக் கீழே போய்விடும், எந்தக் கேபிளை மாட்டினாலும்.

ஃபிக்ஸ்சரின் பேக்கலைட் தகடு ஈரத்தை உறிஞ்சுகிறது. அதன்மேல் பல மாதக் கைவியர்வையும் சால்டரிங் ஃப்ளக்ஸும் படிந்திருந்தன. டெஃப்லான் தகட்டுக்கு மாற்றி, முனைகளுக்கு நடுவே மீட்டரின் கார்டு (guard, காவல்) முனையோடு இணைந்த ஒரு செம்பு வளையம் ஓட்டினோம். மேற்பரப்பில் கசியும் கரண்ட் அந்த வளையத்தில் இறங்கிவிடும், கணக்கில் சேராது. காலையில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு.

உயரத்தைப் பற்றியும் கேட்டார்கள். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தின் நான்கில் மூன்று பங்கை ஒட்டித்தான் இருக்கும். மெல்லிய காற்றில் மின்பொறி எளிதில் தாவும். பெரும்பாலான கருவிகளின் விவரத்தாளில் ‘2000 மீட்டர் உயரம் வரை’ என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. குன்னூரில் இருப்பவர்கள் படிக்காமலே தப்பிக்கலாம். ஊட்டி 2240 மீட்டர், லவ்டேலும் 2000-க்கு மேலே. ஐ.ஈ.சி. 60664-1 தரத்தில் காற்று இடைவெளிக்கான பெருக்கம் 2000 மீட்டரில் 1, 3000 மீட்டரில் 1.14. நம் உயரத்துக்குச் சில சதவீதம் என்று வரும். 500 வோல்ட்டுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, இடைவெளியைத் தாராளமாக விட்டோம். ஆனால் நாளைக்கு யாராவது 1500 வோல்ட் சோதனை கேட்டால், கருவி செய்தவரிடம் எழுதிக் கேட்காமல் இந்த உயரத்தில் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

500 வோல்ட்டும் மல்டிமீட்டரும் ஒரே ஃபிக்ஸ்சரில் இருப்பதால் வரிசை முக்கியம். பல மேசை மீட்டர்களின் சென்ஸ் (வோல்ட்டேஜ் பார்க்கும்) முனைகள் 200 வோல்ட் உச்சம்தான் தாங்கும். முதலில் டெஸ்டரின் சோதனை, அப்புறம் தடை, அப்புறம் கெப்பாசிட்டன்ஸ், கடைசியில் காப்புத்தடை. நடுவில் ரிலே விலகிவிட்டது என்று ஸ்கிரிப்ட் நினைத்துக்கொண்டால் போதாது. லாட்சிங் ரிலே கரண்ட் போனாலும் இருந்த நிலையிலேயே நிற்கும், அதனால் இது இரட்டிப்பு முக்கியம். ரிலேயின் துணைத் தொடுமுனை ‘விலகினேன்’ என்று பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் இல்லாமல் 500 வோல்ட்டுக்கு மின்சாரமே போகாதபடி வன்பொருளிலேயே கட்டினோம். சோதனை முடிந்ததும் ரெசிஸ்டர் வழியாக மின்னூட்டத்தை இறக்கிய பிறகே மூடி திறக்கும். கேபிளில் தங்கும் ஆற்றல் கால் மில்லி ஜூல் அளவுதான், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அதே மின்னூட்டம் டெஸ்டரின் சுவிட்சுக்குள் இறங்கினால் ஆகும்.

ஷீல்டு

இந்தக் கேபிள்களில் ஷீல்டை ஒரு முனையில் மட்டும், கட்டுப்பாட்டுப் பெட்டிப் பக்கம், எர்த்தோடு சேர்ப்பார்கள். இரு முனையிலும் சேர்த்தால் எர்த் வழியாகச் சுற்றி வரும் கரண்ட் தொல்லை தரும். ஒரு முனையில் மட்டும் பின் இருந்தால் தொடர்ச்சியைச் சோதிக்க இன்னொரு முனையே இல்லை. நடுவில் அறுந்திருந்தாலும் டெஸ்டருக்குத் தெரிய வழியில்லை.

எல்.சி.ஆர். மீட்டர் வந்தது இதற்காக. மூன்று கோரையும் ஒன்றாகச் சேர்த்து, ஷீல்டுக்கு எதிராக 1 கிலோஹெர்ட்ஸில் கெப்பாசிட்டன்ஸ் பார்த்தால், ஷீல்டு எவ்வளவு தூரம் கூடவே வருகிறதோ அதற்கேற்ற எண் வரும். மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு ஷீல்டு அறுந்து தனித்துப் போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். கேபிளுக்குச் சுமார் 2 நானோஃபாரட். ரிலே பெட்டியும் கம்பிகளும் சேர்ந்தே சில நூறு பிக்கோஃபாரட் இருப்பதால், கேபிள் இல்லாமல் அளந்து கழித்துவிட வேண்டும். யாராவது பெட்டிக்குள் கம்பியை நகர்த்தினால் அந்தக் கழிவும் மாறும், எனவே கம்பிகளைக் கட்டி இறுக்கினோம். பி.வி.சி.யின் தன்மை உருளைக்கு உருளை மாறுவதால் எல்லையைப் பத்து சதவீதத்துக்குக் கீழே இறுக்க முடியவில்லை. ஆகவே தூர முனையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் அறுந்தால் தப்பிவிடும். அந்த ஒன்றரை மீட்டரைக் கண்ணால் பார்ப்பது கனெக்டர் கட்டுபவரின் பொறுப்பு என்று வேலைத்தாளில் எழுதியாகிவிட்டது.

இப்போது ஒவ்வொரு நாளும் முதல் கேபிளுக்கு முன்னால் ஒரு செம்புப் பட்டையும், 1 ஓம் ஸ்டாண்டர்டு ரெசிஸ்டர் கோர்த்த ஒரு போலிக் கேபிளும் ஃபிக்ஸ்சரில் ஏறுகின்றன. பட்டையின் எண் மெல்ல மெல்ல ஏறினால் சாக்கெட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அக்கா அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். கணினியிலும் பதிவாகிறது, ஆனால் நோட்டைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

வெளிக் கருவிகள் வந்தபின் டெஸ்டரின் பழைய சோதனையை எடுத்துவிடலாமே, தடை அளந்தால் தொடர்ச்சியும் அதில் அடங்கிவிடுகிறதே என்று முதலாளி கேட்டார். எடுக்கவில்லை. மல்டிமீட்டர் ஒரு கோருக்கு 400 மில்லி செகண்ட் எடுத்து சராசரி சொல்கிறது. கேபிளைப் பிடித்து ஆட்டும்போது ஒரு கணம் விட்டுவிட்டுச் சேரும் கிரிம்ப் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகும். டிரையரின் அதிர்வில் கேபிள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கண நேர விடுபடலைப் பிடிக்கும் வேகம் டெஸ்டரிடம்தான் இருக்கிறது. ஆட்டிப் பார்க்கும் சோதனை அதனிடமே இருக்கிறது, 5 ஓம் எல்லையோடு.